இரட்டை வாள் வீரர் எந்த அணிக்குப் போவார்? ஷோஹெய் ஓட்டானியின் தேர்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானிய பேஸ்பால் வீரர் ஓட்டானி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது 70 கோடி டாலர் ஒப்பந்தம். அது 2023இல் நடந்தது. அதற்கு ஆறு வருடம் முன்னால், 2017 டிசம்பரில், முதன்முதலாக ஓர் அமெரிக்க அணியைத் தேர்ந்தெடுத்தபோது கையெழுத்துக்காக அவர் வாங்கியது 23 லட்சத்து 15 ஆயிரம் டாலர்தான். எனக்கு அந்த முதல் தேர்வுதான் பெரிய கதையாகத் தெரிகிறது. பேஸ்பால் அதிகம் பார்க்காதவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் அடிப்படையிலிருந்தே தொடங்குகிறேன்.

யார் இந்த ஓட்டானி?

1994 ஜூலை 5 அன்று ஜப்பானின் வடகிழக்கில் உள்ள இவாதே மாநிலத்தில் பிறந்தவர். அப்பா ஒரு நிறுவன அணிக்கு பேஸ்பால் ஆடியவர், அம்மா பேட்மின்டன் வீராங்கனை. ஹனமாகி ஹிகாஷி என்ற பள்ளியில் படிக்கும்போது, 2012இல், மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் பந்து எறிந்தார். பள்ளி மாணவர் ஒருவர் அந்த வேகத்தைத் தொட்டது ஜப்பானில் அதுவே முதல்முறை.

அந்தப் பள்ளியில் முதல் வருடமே 81 கட்டங்கள் போட்டு ஒரு தாள் தயாரித்தார். நடுக்கட்டத்தில், ஜப்பான் லீக்கின் வீரர் தேர்வில் எட்டு அணிகள் தன்னை முதல் சுற்றிலேயே கேட்க வேண்டும் என்ற இலக்கு. சுற்றியுள்ள கட்டங்களில் அதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்ற குறிப்புகள். வேகம், உடல்வலு எல்லாம் எதிர்பார்த்தவைதான். ‘அதிர்ஷ்டம்’ என்ற தலைப்பின் கீழே குப்பை பொறுக்குவது, நடுவரிடம் நடந்துகொள்ளும் விதம் ஆகியவையும் இருந்தன. பின்னாளில் அவர் சார்பில் அமெரிக்காவின் 30 அணிகளுக்குக் கேள்வித்தாள் போனதைப் படித்தபோது எனக்கு இந்தத் தாள்தான் ஞாபகம் வந்தது.

பந்தும் எறிகிறார், பேட்டும் பிடிக்கிறார். கிரிக்கெட்டில் ஆல்-ரவுண்டர்கள் இல்லையா? இதில் என்ன அதிசயம்?

நியாயமான கேள்வி. கிரிக்கெட்டில் பவுலரும் பேட் பிடித்தே ஆக வேண்டும், அதனால் இரண்டையும் பழகிக்கொண்டே வளர்கிறார்கள். பேஸ்பால் வேறு திசையில் வளர்ந்த ஆட்டம். தொடக்க பிட்சர், அதாவது ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்து பந்து எறிபவர், ஓர் ஆட்டத்தில் 90, 100 பந்துகளை முழு பலத்தோடு எறிவார். பிறகு தோளும் முழங்கையும் தேறுவதற்கு நாலைந்து நாள் ஓய்வு. பேட்டருடைய வாழ்க்கை இதற்கு நேர்மாறு. ஆறு மாதத்தில் 162 ஆட்டம், கிட்டத்தட்ட தினமும் களத்தில் நிற்க வேண்டும். மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் வரும் பந்தை அடிக்கும் கண்ணும் கையும் தினசரிப் பயிற்சி இல்லாவிட்டால் மங்கிவிடும். அதனால்தான் தொழில்முறை அணிக்குள் நுழையும் பையனிடம் முதல் நாளே ‘இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு’ என்று சொல்லிவிடுவார்கள்.

ஓட்டானிக்கு முன்பு, அமெரிக்காவின் உச்ச லீக்கான மேஜர் லீக்கில் ஒரே சீசனில் பிட்சராகப் பத்துக்கு மேல் வெற்றியும் (அணி ஜெயித்த ஆட்டத்தை ஒரு பிட்சர் கணக்கில் எழுதுவார்கள்), பேட்டராகப் பத்துக்கு மேல் ஹோம் ரன்னும் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) எடுத்தவர் என்று 1918ஆம் ஆண்டின் பேப் ரூத்தைத்தான் காட்டுவார்கள். ரூத்தே கொஞ்ச நாளில் பிட்சிங்கை விட்டுவிட்டு முழுநேர பேட்டராகிவிட்டார். ஜப்பானியர்கள் ஓட்டானியின் இந்த முறையை ‘நிதோர்யூ’ என்கிறார்கள். இரண்டு கையிலும் வாள் ஏந்திச் சண்டையிடும் பாணிக்கான பெயர் அது.

பள்ளி முடித்ததும் நேராக அமெரிக்கா போவதாகச் சொன்னாரே, ஏன் போகவில்லை?

2017இல் நடந்ததைப் புரிந்துகொள்ள இதுதான் சாவி. 2012 அக்டோபரில், 18 வயதில், ஜப்பான் லீக் வேண்டாம், நேராக மேஜர் லீக்தான் என்று ஓட்டானி பகிரங்கமாக அறிவித்தார். சில நாள் கழித்து நடந்த வீரர் தேர்வில் மற்ற அணிகள் ஒதுங்கிக்கொண்டன. ஹொக்காய்டோ நிப்பான்-ஹாம் ஃபைட்டர்ஸ் மட்டும் முதல் சுற்றில் அவர் பெயரைச் சொன்னது. வரமாட்டேன் என்று சொன்ன பையனுக்காக முதல் வாய்ப்பைச் செலவழிப்பது பெரிய துணிச்சல்.

ஃபைட்டர்ஸ் அவரிடம் பணத்தைக் காட்டவில்லை. கனவுக்குப் போகும் வழி என்ற பொருளில் தலைப்பிட்ட, சுமார் 30 பக்க அறிக்கை ஒன்றைக் கொடுத்தது. பள்ளியிலிருந்து நேராக மேஜர் லீக்குக்குக் கீழே உள்ள அமெரிக்க மைனர் லீக்குக்குப் போன இளைஞர்கள், குறிப்பாகக் கொரிய வீரர்கள், எத்தனை பேர் மேலே வந்தார்கள் என்ற கணக்கு அதில் இருந்தது. முதலில் இங்கே நன்றாக வளர்ந்துவிட்டுப் போனால் அமெரிக்காவில் நிலைக்கலாம் என்பது அவர்கள் வாதம். அப்புறம் பயிற்சியாளர் ஹிதேகி குரியாமா யாரும் நினைக்காத ஒன்றைச் சொன்னார்: பிட்சிங்கும் பேட்டிங்கும் இரண்டுமே செய்யலாம். அதுவரை அமெரிக்க அணிகள் அவரை பிட்சராகவே பார்த்துவந்தன. டிசம்பரில் ஓட்டானி மனம் மாறிக் கையெழுத்துப் போட்டார். அந்த அணியின் முன்னாள் நட்சத்திர பிட்சர் யூ தார்விஷ் அணிந்திருந்த 11ஆம் எண் சட்டையை அவருக்குக் கொடுத்தார்கள்.

உன்னை இரண்டையும் செய்ய விடுகிறோம் என்று முதலில் சொன்ன இடத்துக்குத்தான் அவர் போனார். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதிக் கதை தானாக விளங்கும்.

ஜப்பானில் அந்தச் சோதனை பலித்ததா?

பலித்தது. 2014இல் 11 வெற்றி, 10 ஹோம் ரன். ஒரே சீசனில் இரண்டும் இரட்டை இலக்கத்தைத் தொட்டது ஜப்பான் லீக் வரலாற்றில் முதல்முறை. 2016 இன்னும் மேல். பேட்டிங் சராசரி .322 (நூறு வாய்ப்பில் சுமார் 32 முறை சரியாக அடித்தார்), 22 ஹோம் ரன், பிட்சராக 10 வெற்றி. ஒன்பது இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, அவர் விட்டுக்கொடுத்தது சராசரியாக 1.86 ரன்தான். அந்த அக்டோபரில் 165 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பந்து எறிந்தார். ஃபைட்டர்ஸ் ஜப்பானின் இறுதித் தொடரான ஜப்பான் சீரிஸை வென்றது, ஓட்டானி அங்குள்ள இரு பிரிவுகளில் ஒன்றான பசிபிக் லீக்கின் சிறந்த வீரரானார். 2017இல் கணுக்கால் காயத்தால் 65 ஆட்டம்தான் ஆட முடிந்தது. இருந்தும், அந்த சீசன் முடிந்ததும் அமெரிக்கா போகிறேன் என்றார்.

‘போஸ்டிங்’ என்று ஒரு முறை சொல்கிறார்களே, அது என்ன?

ஜப்பான் அணியோடு ஒப்பந்தக் காலம் முடியாத வீரரை அமெரிக்க அணிகளோடு பேச அனுமதிக்கும் ஏற்பாடு. வீரரைச் சேர்க்கும் அணி, அவருடைய பழைய ஜப்பான் அணிக்கு ஒரு கட்டணம் கட்ட வேண்டும். முன்பு இது ரகசிய ஏலமாக நடந்தது. 2006இல் ஜப்பானிய பிட்சர் டைசுகே மட்சுசாகாவோடு பேசும் உரிமைக்காக மட்டுமே பாஸ்டன் அணி 5 கோடியே 11 லட்சம் டாலர் ஏலம் கேட்டது. ஓட்டானி காலத்தில் உச்சவரம்பு 2 கோடி டாலர். அவர் கடைசியில் தேர்ந்தெடுத்த லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ் அணி அந்த முழுத் தொகையையும் ஃபைட்டர்ஸுக்குக் கட்டியது, ஓட்டானிக்குக் கிடைத்ததைப்போல எட்டு மடங்குக்கும் மேல்.

இரண்டு வருடம் பொறுத்திருந்தால் 20 கோடி டாலர் கிடைத்திருக்கும் என்கிறார்களே?

அப்படித்தான் அப்போது பலரும் கணக்குப் போட்டார்கள். 2016 டிசம்பரில் மேஜர் லீக் நிர்வாகமும் வீரர் சங்கமும் போட்ட ஒப்பந்தத்தில் ஒரு விதி மாறியது. வெளிநாட்டு லீக்கிலிருந்து வரும் வீரர் 25 வயதுக்குக் கீழே இருந்தால் அவர் ‘அமெச்சூர்’ கணக்கில்தான் வருவார். ஒவ்வோர் அணியும் அப்படிப்பட்டவர்களுக்கென வைத்திருக்கும் சிறிய நிதியிலிருந்துதான் அவருக்குப் பணம் கொடுக்க முடியும். அதற்கு முன்பு அந்த எல்லை 23 வயது. ஓட்டானிக்கு 23 முடிந்தது 2017 ஜூலையில். பழைய விதியே இருந்திருந்தால் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம்.

ஜப்பானில் அவருக்கு அந்த வருடச் சம்பளம் 27 கோடி யென். அமெரிக்காவில் முதல் வருடம் கிடைக்கப்போவது குறைந்தபட்சச் சம்பளமான 5 லட்சத்து 45 ஆயிரம் டாலர். சம்பளம் கால்வாசிக்கும் கீழே இறங்கியது. தாளில் அது ஒரு மைனர் லீக் ஒப்பந்தம் வேறு!

ஆனால் வேறு மாதிரியும் யோசித்துப் பாருங்கள். பிட்சர் ஒருவரின் முழங்கைத் தசைநார் எப்போது வேண்டுமானாலும் கிழியலாம். இரண்டு வருடம் என்பது விளையாட்டு வீரருக்குச் சின்னக் காலம் இல்லை. இந்த முடிவில் பணம் விலகிக்கொண்டதால் இன்னொன்றும் நடந்தது. எல்லா அணியும் கிட்டத்தட்ட ஒரே நிலையில் நின்றன. அதிகம் கொடுக்கக்கூடிய நிலையிலிருந்த அணிகளிடமே 35 லட்சம் டாலர்தான் இருந்தது. பணத்தால் வாங்க முடியாத வீரரை வேறு எதைச் சொல்லி அழைப்பது என்று 30 அணிகளும் யோசிக்க வேண்டியதாயிற்று.

அந்தக் கேள்வித்தாளில் என்ன இருந்தது?

2017 நவம்பர் கடைசியில் அவருடைய ஏஜென்ட் நெஸ் பலேலோ எல்லா அணிகளுக்கும் ஒரு குறிப்பு அனுப்பினார். ஓட்டானியை பிட்சராகவும் பேட்டராகவும் எப்படி மதிப்பிடுகிறீர்கள்? மருத்துவம், பயிற்சி, வீரர் வளர்ப்பு ஆகியவற்றில் உங்கள் அணுகுமுறை என்ன? வசதிகள் எப்படி? புதிய நாட்டுக்குப் பழக என்ன உதவி செய்வீர்கள்? அணிக்குள் அவரை எப்படிச் சேர்த்துக்கொள்வீர்கள்? உங்கள் ஊரில் ஆடுவது ஏன் நல்லது? பதில்களை ஆங்கிலத்திலும் ஜப்பானிய மொழியிலும் கேட்டிருந்தார்கள்.

வழக்கமாக அணிதான் வீரரைச் சோதிக்கும். இங்கே 23 வயதுப் பையன் அணிகளைச் சோதித்தார். இதைத் திமிர் என்று சொன்னவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஐந்து வருடம் முன்பு ஒரு 30 பக்க அறிக்கை தன் வாழ்க்கையைத் திருப்பியதைப் பார்த்தவர், தெளிவான திட்டம் யாரிடம் இருக்கிறது என்று எழுத்தில் கேட்டார்.

நியூயார்க் யாங்கீஸுக்குத்தானே போவார் என்றார்கள்?

பத்திரிகைகள் அப்படித்தான் எதிர்பார்த்தன. டிசம்பர் 3ஆம் தேதியே யாங்கீஸுக்கு இல்லை என்ற பதில் வந்துவிட்டது. பெரிய சந்தை, கிழக்குக் கடற்கரை ஆகிய இரண்டும் தங்களுக்கு எதிராகப் போனதாக அணியின் பொது மேலாளர் பிரையன் கேஷ்மன் சொன்னார்.

கடைசி ஏழு அணிகள் எவை?

சியாட்டில் மரினர்ஸ், டெக்சஸ் ரேஞ்சர்ஸ், லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ், லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ், சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ், சான் டியாகோ பாட்ரெஸ், சிகாகோ கப்ஸ். ஐந்து அணிகள் மேற்குக் கடற்கரையைச் சேர்ந்தவை.

இதில் ஒரு சிக்கலான விஷயம் இருக்கிறது. மேஜர் லீக்கில் அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என இரு பிரிவுகள். அப்போது அமெரிக்கன் லீக்கில் மட்டும்தான் ‘டெசிக்னேட்டட் ஹிட்டர்’ இடம் இருந்தது. ஃபீல்டிங் செய்யாமல் பேட்டிங் மட்டும் செய்பவருக்கான இடம் அது. பிட்சிங் இல்லாத நாட்களில் ஓட்டானியின் காலையும் தோளையும் காப்பாற்றிக்கொண்டே பேட் பிடிக்கவைக்க அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ஏழில் மரினர்ஸ், ரேஞ்சர்ஸ், ஏஞ்சல்ஸ் மூன்றும் அமெரிக்கன் லீக். மற்ற நான்கும் நேஷனல் லீக், அங்கே பேட் பிடிக்க வேண்டுமானால் ஃபீல்டிங்குக்கும் போக வேண்டும். நேஷனல் லீக்கில் அந்த இடம் நிரந்தரமாக வந்தது 2022இல்தான்.

அப்படியானால் ஏன் ஏஞ்சல்ஸ்?

டிசம்பர் 8 அன்று அறிவிப்பு வந்தபோது பலருக்கும் ஆச்சரியம். சியாட்டிலுக்கு, அங்கே ஆடிய ஜப்பானிய நட்சத்திரம் இச்சிரோ காலத்திலிருந்து ஜப்பானோடு ஆழமான உறவு. டாட்ஜர்ஸோ அவரைப் பள்ளிக் காலத்திலிருந்தே துரத்திக்கொண்டிருந்த அணி.

பலேலோவின் அறிக்கை, சந்தையின் அளவோ நேர மண்டலமோ லீக்கோ காரணம் இல்லை, ஏஞ்சல்ஸோடு ஓர் உண்மையான பிணைப்பை அவர் உணர்ந்தார் என்றது. அதை நான் நம்புகிறேன். ஆனால் பிணைப்பு சும்மா வராது. பொது மேலாளர் பில்லி எப்ளர் பல வருடமாக ஓட்டானியைப் பின்தொடர்ந்தவர். அந்தத் தலைமுறையின் தலைசிறந்த வீரர் மைக் ட்ரவுட் வீடியோ அழைப்பில் வந்து பேசினார். முக்கியமாக, இரண்டும் செய்யலாம் என்று சொன்னதோடு நிற்காமல், தொடக்க பிட்சர்களை ஐந்துக்குப் பதில் ஆறாக்கவும் ஏஞ்சல்ஸ் தயாராக இருந்தது. ஜப்பானில் பிட்சர் வாரம் ஒருமுறைதான் எறிவார். அந்தத் தாளத்தைக் கலைக்காமல் அவரை இறக்குவதற்கு ஓர் அணியின் மொத்த அட்டவணையையே மாற்ற வேண்டும்.

ஏஞ்சல்ஸில் அவருக்கு 17ஆம் எண் சட்டை ஏன்?

27 கேட்க ஆசை, அது ட்ரவுட்டிடம் இருந்தது. அறிமுக விழாவில் இதை ஓட்டானியே சிரித்துக்கொண்டு சொன்னார்.

அந்தத் தேர்வு சரியா, தவறா? ஏஞ்சல்ஸ் ஒருமுறைகூட பிளே-ஆஃப் போகவில்லையே?

போகவில்லை. ஆறு சீசனில் ஒன்றில்கூட தோல்விகளைவிட வெற்றிகள் அதிகம் இல்லை. ரசிகனாக அது வலிக்கத்தான் செய்தது. இருந்தாலும் தேர்வு சரி என்றுதான் சொல்வேன். 2018இல் 22 ஹோம் ரன், பிட்சராக 4 வெற்றி, அமெரிக்கன் லீக்கின் சிறந்த அறிமுக வீரர் விருது. அந்த அக்டோபரிலேயே முழங்கை அறுவை சிகிச்சை. 2019 முழுக்க பேட்டிங் மட்டும். 2020இல் இரண்டே ஆட்டங்களில் பந்து எறிந்து, இரண்டு இன்னிங்ஸ்கூட முடிக்காமல் ஏழு ரன் கொடுத்தார். பேட்டிங் சராசரியும் .190க்கு விழுந்தது. போதும், ஒன்றை விட்டுவிடச் சொல்லுங்கள் என்று வெளியிலிருந்து எத்தனையோ குரல்கள்.

அந்த நேரத்தில் அவசரமாக வெற்றி தேடும் வேறோர் அணி என்ன செய்திருக்கும்? பிட்சிங்கை நிறுத்தியிருக்க வாய்ப்பு அதிகம். ஏஞ்சல்ஸ் நிறுத்தவில்லை. 2021இல் பயிற்சியாளர் ஜோ மேடன், பிட்சிங்குக்கு முந்தின நாளும் அடுத்த நாளும் பேட்டிங் கூடாது என்ற கட்டுப்பாட்டையும் எடுத்துவிட்டார். அந்த வருடம் 46 ஹோம் ரன், 9 வெற்றி, 156 ஸ்ட்ரைக்-அவுட் (பந்தை அடிக்க முடியாமல் மூன்று ‘ஸ்ட்ரைக்’ வாங்கி வெளியேறிய பேட்டர்கள்). ஒருமனதாகச் சிறந்த வீரர். 2022இல் 15 வெற்றி, 34 ஹோம் ரன். 2023இல் அந்த விருது மறுபடியும் ஒருமனதாக.

2023இல் மறுபடி அணி தேடியபோது என்ன மாறியது?

ஆறு வருட சேவை முடிந்து, எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் வெளியே வந்தார். ஆகஸ்டில் முழங்கைத் தசைநார் மறுபடி கிழிந்திருந்தது, 2024இல் பந்து எறிய முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும். இருந்தும் போட்டி கடுமையாக இருந்தது. பேச்சுவார்த்தையை மிக ரகசியமாக வைத்திருந்தார்கள். அதனால்தான் டிசம்பர் 8 அன்று அந்தக் கூத்து நடந்தது. அவர் டொராண்டோவுக்குப் பறக்கிறார் என்று செய்தி பரவி, ஒரு தனியார் விமானத்தை ஆயிரக்கணக்கானோர் இணையத்தில் பின்தொடர்ந்தார்கள். இறங்கியவர் தொலைக்காட்சியில் பிரபலமான கனடியத் தொழிலதிபர் ஒருவர். மறுநாள் ஓட்டானி தன் இன்ஸ்டகிராமில் டாட்ஜர்ஸ் என்று அறிவித்தார்.

காரணத்தை அறிமுகக் கூட்டத்தில் அவரே சொன்னார். பத்து வருடமாகத் தொடர்ந்து பிளே-ஆஃப் போயும் ஒரே ஒரு கோப்பைதான் வென்றோம், அதைத் தோல்வியாகவே பார்க்கிறோம் என்று டாட்ஜர்ஸ் உரிமையாளர்கள் அவரிடம் சொன்னார்களாம். 2017இல் அவருக்கு வேண்டியிருந்தது இரண்டும் செய்ய ஓர் இடம். அதை நிரூபித்து முடித்த பிறகு கோப்பை வேண்டியிருந்தது.

70 கோடி டாலரில் பெரும்பகுதியைத் தள்ளிப்போட்டார் என்பது உண்மையா?

உண்மை. பத்து வருட ஒப்பந்தத்தில் வருடத்துக்கு 7 கோடி. அதில் கைக்கு வருவது 20 லட்சம் மட்டும். மீதி 6 கோடியே 80 லட்சம் வட்டியில்லாமல் 2034 முதல் 2043 வரை கொடுக்கப்படும். அணியின் சம்பளக் கணக்கில் சுமை குறையும், அந்த இடத்தில் நல்ல வீரர்களைச் சேர்க்கலாம். உரிமையாளர் மார்க் வால்டரோ தலைவர் ஆண்ட்ரூ ஃப்ரீட்மனோ விலகினால் தானும் வெளியேறலாம் என்ற நிபந்தனையும் உண்டு. அணியைவிட மனிதர்களைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது 2012இலிருந்தே அவருடைய பழக்கம்.

கோப்பை கிடைத்ததா? இப்போதும் இரண்டும் செய்கிறாரா?

2024இல் பேட்டிங் மட்டும் செய்து 54 ஹோம் ரன், 59 திருட்டு பேஸ் (பந்தை யாரும் அடிக்காமலேயே அடுத்த தளத்துக்கு ஓடிச் சேர்வது). அந்த வருடமே யாங்கீஸை வீழ்த்தி உலகத் தொடர் வெற்றி. 2025 ஜூன் 16 அன்று டாட்ஜர்ஸுக்காக முதன்முதலாக பிட்சிங் மேட்டில் ஏறினார். அந்த வருட இறுதிப் போட்டியில் எதிரணி டொராண்டோ. நீ எங்களுக்கு வேண்டாம் என்று அந்த ஊர் ரசிகர்கள் முழக்கமிட்டார்கள். ஏழாவது ஆட்டம் வரை போய் டாட்ஜர்ஸ் வென்றது.

ஆனால் யாராவது என்னிடம் ஒரே ஓர் ஆட்டம் பார்க்க வேண்டும், எதைப் பார்ப்பது என்று கேட்டால், அதற்கு முன் 2025 அக்டோபர் 17 அன்று மில்வாக்கிக்கு எதிராக நடந்ததைச் சொல்வேன். முதல் இன்னிங்ஸில் மூன்று பேரை ஸ்ட்ரைக்-அவுட் செய்துவிட்டு வந்து, உடனே பேட்டை எடுத்து ஹோம் ரன் அடித்தார். இன்னும் இரண்டு ஹோம் ரன் பின்னால் வந்தன. பிட்சராக மொத்தம் பத்து ஸ்ட்ரைக்-அவுட், ஒரு ரன்னும் கொடுக்கவில்லை.